நான் ஓடாத மூன்று கிலோமீட்டர்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சேரன்மகாதேவியில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கான பிரிவு. கோப்பையைப் பிடித்தபடி நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்து, நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் வாசலில் கட்டினார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் சர்க்கரை இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். எண்பத்தொன்பது கிலோ எடை. அலுவலகத்தின் மாடிப்படி ஏறிப் போய் ஒரு கையெழுத்து வாங்கி வருவதற்குள் மூச்சு முட்டும். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். மைதானத்தில் என்னைவிட வயதானவர்கள் என்னைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து ரோஷம் வந்து, நானும் நூறடி ஓடிப் பார்த்தேன். விலா இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் இருநூறடி. இப்படியே ஒரு வருடத்தில் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட வந்துவிட்டது. எடை எழுபத்திரண்டுக்கு இறங்கியது. பழைய பேன்ட்டுகளையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது, தையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார். அந்தக் கேள்வியைக்கூட நான் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதில்தான் கோளாறு ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன். உடம்புக்காக ஓட ஆரம்பித்தவன், கொஞ்ச நாளில் அடுத்தவர் கண்ணுக்காக ஓட ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ஊரில் காலையில் ஓடும் இருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அன்றன்று ஓடியதை வாட்ச் கணக்கோடு அதில் போடுவோம். யார் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பது எல்லோருக்கும் தெரியும். இருபத்தொரு கிலோமீட்டர் ஓடும் அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் குழுவில் ஏழு பேர். அவர்கள் பேசினால் மற்றவர்கள் கேட்டுக்கொள்வோம். என்னுடைய நேரம் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடம் எனக்குச் செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

சேரன்மகாதேவிப் பந்தயம் அந்த வருடம்தான் முதல் முறையாக நடந்தது. பெரிய நகரங்களில் நேரம் கணக்கிடக் காலில் கட்டிவிடுவார்களே, அந்தச் சிப் எல்லாம் இங்கே கிடையாது. நெஞ்சில் குத்திக்கொள்ள எண் எழுதிய அட்டை கொடுத்தார்கள். அரை மாரத்தான் ஓடும் நாற்பது வயதுக்காரர்களுக்கு மஞ்சள் அட்டை. பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு வெள்ளை. முடிவுக் கோட்டில் ஒருவர் கடிகாரம் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினோம். பனி விழுந்துகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெற்பயிர் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. வெகுதூரம் போய்த் திரும்பி வரும் வழியில் ஒரு கால்வாய்ப் பாலம் வரும். அரை மாரத்தான்காரர்கள் அந்த இடத்தில் இடது பக்கம் திரும்பி, ஊருக்குள் புகுந்து, தாமிரபரணிப் படித்துறை வரை போய்விட்டுத் திரும்ப வேண்டும். போக வர மூன்று கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர்காரர்கள் நேராகப் போய்விடலாம். முந்தின நாளே இதைப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

நான் பாலத்துக்கு வரும்போது, முன்னால் வெள்ளை அட்டைக்காரர்கள் ஐந்தாறு பேர் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கியதால் தலையைக் குனிந்தபடி, அதில் ஒருவருடைய குதிகாலையே பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் வழி காட்டக் கொடி பிடித்திருந்தவர், தசை பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்ட ஒருவருக்குக் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய்விட்டேன். இதுவரை நடந்தது தவறுதான். யாருக்கும் நடக்கக்கூடிய தவறு.

'முடிவுக்கு ஒரு கிலோமீட்டர்' என்று எழுதிய பலகையைப் பார்த்தபோது வாட்சைத் திருப்பினேன். பதினேழு கிலோமீட்டர் காட்டியது. இருபது காட்ட வேண்டும். என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. நின்றேன். திரும்பிப் பார்த்தேன். பாலம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. திரும்பிப் போய், படித்துறைக்கும் போய் வருவதென்றால், என் பழைய நேரத்தைவிட மோசமாக முடிப்பேன். சாலையோரம் டீக்கடையில் நின்ற ஒருவர் கையைத் தட்டி, "ஓடுங்க அண்ணாச்சி, இன்னும் கொஞ்சந்தான், விடாதிய!" என்று கத்தினார். நான் ஓடினேன். முடிவுக் கோட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கோட்டைத் தாண்டியதும் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று நோட்டில் எழுதினார்கள். எங்கள் குழுவிலிருந்து வந்திருந்த மற்றவர்கள் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். அவர்கள் ஓடிவந்து என்னைத் தூக்காத குறை. நான் மூச்சு வாங்கிக்கொண்டே அமைப்பாளரைத் தேடினேன். அவர் ஒரு உடற்கல்வி ஆசிரியர். சொல்லத்தான் போனேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் நோட்டைக் காட்டி, "அண்ணாச்சி, மஞ்சள் அட்டையில நீங்க மூணாவது!" என்று என் தோளைக் கட்டிக்கொண்டார். ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. வாயைத் திறந்தேன். திறந்த வாய் சிரித்துவிட்டது.

மேடையில் நிற்கும்போது கீழே ஒருவரைக் கவனித்தேன். ஒல்லியான, கறுத்த ஆள். நெஞ்சில் மஞ்சள் அட்டை. சுவரில் ஒட்டியிருந்த முடிவுத் தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே வரிசையாகப் பார்த்தார். பிறகு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார்.

அவர் சண்டைக்கு வரவில்லை. கையைக் கொடுத்தார். "நான் நாலாவது அண்ணாச்சி. எங்கன வச்சு என்னைத் தாண்டுனிய? எனக்குத் தெரியவே இல்லையே" என்றார். அவர் கண்ணில் சந்தேகம் கொஞ்சமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஆரம்பத்துலயே தாண்டிட்டேன் தம்பி. இருட்டுல நீங்க கவனிச்சிருக்க மாட்டிய" என்றேன். அவ்வளவு சரளமாக என் வாயிலிருந்து பொய் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"அப்படித்தான் இருக்கும்" என்று அவர் தலையாட்டினார். முக்கூடல் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிற வேலை. இருபது வயதில் போலீஸ் தேர்வுக்குப் போய், ஓட்டத்தில் சில நொடிகளில் தவறவிட்டவர். கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபிறகு, நாற்பது வயதில் மறுபடியும் ஓட ஆரம்பித்திருக்கிறார். இதையெல்லாம் அந்த ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். கடைசியில் என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு, "நீங்க எப்படிப் பயிற்சி எடுக்கியன்னு எனக்குச் சொல்லணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வாட்சிலிருந்த கணக்கை அழித்தேன். குழுவில் கேட்டவர்களிடம், பாதி வழியில் சார்ஜ் போய்விட்டது என்றேன். என் மனைவி கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு, அக்கம்பக்கம் எல்லா வீட்டுக்கும் அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. சர்க்கரைக்குப் பயந்து சாப்பிடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் அவர் கூப்பிட்டார். சிலிண்டர் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்று பேசினார். லாரிகள் போகும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்ளக் கையில் பேனா வைத்திருப்பதாகச் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இணையத்தில் எப்போதோ படித்த, வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் செய்கிற பயிற்சியை என் பயிற்சியாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர். செவ்வாயும் வியாழனும் மேட்டில் ஏறி இறங்கும் ஓட்டம், பத்து தடவை. மற்ற நாட்களில் காலையும் மாலையும். உண்மையில் நான் வாரத்துக்கு நாலு நாள்தான் ஓடுவேன். அதிகபட்சம் பதினெட்டு கிலோமீட்டர். ஆனால் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஓடியவன் சாதாரணப் பயிற்சியைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு பொய்க்கு ஏற்ற அளவில் இன்னொரு பொய் தைக்க வேண்டியிருந்தது.

அதைவிட வெட்கக்கேடான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் வாரம் தவறாமல் கூப்பிட்ட அந்தப் புதன்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. அவர் என்னிடம் சந்தேகம் கேட்பதும், நான் பெரிய கோச் மாதிரி விளக்குவதும் பிடித்திருந்தன. "இன்னைக்கு மேட்டுல ஏழு தடவை ஏறுனேன் அண்ணாச்சி" என்பார். "பத்து ஏறணும்லா" என்பேன், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. காலையில் மேட்டில் ஏறி இறங்கிவிட்டு, பகல் முழுக்க அவர் சிலிண்டரைத் தோளில் தூக்கி மாடி ஏறுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு நாள் குரலில் சுரத்தில்லாமல் பேசினார். "முழங்காலுக்குக் கீழ, முன் எலும்புல ஒரே இடத்துல வலிக்கு அண்ணாச்சி. ராத்திரியும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. ரெண்டு நாள் விட்டுருவமா?"

ஓட்டத்தில் கொஞ்ச நாள் பழகியவனுக்குக்கூடத் தெரியும், எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று. எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படி வந்து டாக்டரிடம் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் அடுத்து, "உங்களுக்கு இப்படி வந்ததில்லையா? இவ்வளவு ஓடுதியளே?" என்று கேட்பார் என்று தோன்றியது. அந்தக் கேள்விக்குப் பயந்து, "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் தம்பி. ஓட ஓடப் பழகிரும்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஒரு புதன் போயிற்று, இரண்டு புதன் போயிற்று. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் மனம் கேட்காமல் நானே கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். "கால்ல கட்டு போட்டிருக்கு அண்ணாச்சி. எலும்புல கீறல் விழுந்திருக்காம். ஆறு வாரம் காலை ஊனக் கூடாதுன்னுட்டாவ. இந்தா, இங்கனதான் கெடக்காவ. பேசுதியளா?" என்றார். பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுக்க அலுவலகத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் எழுத்து கண்ணில் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பைக்கில் முக்கூடலுக்குப் போனேன். உண்மையைச் சொல்வதற்காகப் போனேன் என்று எழுத ஆசைதான். இல்லை. பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். போய்ப் பார்த்தால் என் மனது கொஞ்சம் லேசாகும் என்று ஒரு சுயநலம்.

சின்ன வீடு. முன் அறையில் கட்டிலில் படுத்திருந்தார். கால் தலையணை மேல் நீட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். "ஏட்டி, யாரு வந்திருக்கான்னு பாரு! நான் சொன்னேம்லா, அந்த அண்ணாச்சி!" என்றார். அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கை வேலையை நிறுத்தாமலே என்னைப் பார்த்துச் சிரித்து, நாற்காலியைக் காட்டினார்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். நான் சொன்ன பயிற்சி முழுவதும் அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஓடிய நாட்களில் எல்லாம் டிக். நான் பத்து என்று சொன்ன இடத்தில் எல்லாம் பத்து. வலிப்பதாகக் கூப்பிட்ட நாளுக்குப் பிறகும் ஆறு டிக் இருந்தது. அதற்கப்புறம் வெற்றுக் கட்டங்கள்.

"பாதியில விட்டுட்டேன் அண்ணாச்சி. என் உடம்புதான் சரியில்ல போல. நீங்க என்னைவிட மூத்தவிய, எப்படித் தாங்குதியளோ" என்றார். பிறகு சிரித்தபடி மனைவியைக் காட்டி, "எல்லாம் இவளாலதான்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். பந்தயத்தன்று அவர் மனைவி ஆற்றுப் படித்துறையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருக்கிறார். கணவர் எத்தனையாவதாக வருகிறார் என்று தெரிந்துகொள்ள, மஞ்சள் அட்டைகளை எண்ணியிருக்கிறார். இவர் வந்ததும், "ரெண்டே பேருதான் முன்னால போயிருக்காவ, நீங்க மூணு" என்று கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு தன்னை எந்த மஞ்சள் அட்டையும் தாண்டவில்லை என்பதால், இவரும் மூன்றாவது இடம் உறுதி என்று கடைசி இரண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறார்.

"வந்து பாத்தா நான் நாலு. உங்களை எண்ணாம விட்டுட்டா. எண்ணத் தெரியாதவ பேச்சைக் கேட்டு மோசம் போனேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பலமுறை சொல்லிய விளையாட்டு என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

பீடி சுற்றிய அவர் கை நின்றது. கணவரிடம் இல்லை, என்னிடம் சொன்னார். "தெனம் எழுநூறு பீடி சுத்துதேன் அண்ணாச்சி. இருபத்தஞ்சு இருபத்தஞ்சா எண்ணிக் கட்டுதேன். இத்தனை வருசத்துல ஒரு கட்டு கொறஞ்சுதுன்னு திருப்பி வாங்குனதில்ல. ரெண்டு மஞ்சள் அட்டை எண்ணத் தெரியாமலா போச்சு எனக்கு? உங்களை எப்படி விட்டேன்னு நெனைச்சு நெனைச்சுப் பாக்கேன். வெளங்கவே இல்ல. கண்ணுல ஏதும் கோளாறோன்னு ஆசுபத்திரிக்குப் போயி காட்டிட்டுக்கூட வந்தேன்."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

"நீங்க எண்ணுனது சரிதாம்மா. நான் படித்துறைக்கு வரவே இல்ல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாலத்தில் நேராகப் போனதையும், பலகையைப் பார்த்து நின்றதையும், பிறகு ஓடியதையும், மேடையில் ஏறியதையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்பம் நான் மூணாவதா?" என்றார் அவர்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம். கோபம் வருவதற்கு முன்னால் வந்த சந்தோஷம். என்னால் மறக்க முடியாதது அதுதான். என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். இரண்டு மாதத்துக்கு மேலாகத் தன்னைத் தோற்றவன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், அந்த ஒரு நொடி சின்னப் பிள்ளை மாதிரி மலர்ந்தார். அப்புறம் மெதுவாக அவர் பார்வை சுவரிலிருந்த காலண்டர் தாளுக்குப் போயிற்று. அங்கிருந்து காலுக்கு வந்தது.

"அப்பம் அந்த முப்பது கிலோமீட்டரு?"

"நான் ஒரு நாளும் ஓடுனதில்ல தம்பி. நெட்ல படிச்சதைச் சொன்னேன்."

"எலும்பு வலிக்குன்னு சொன்னேம்லா. பழகிரும்னியளே. அதுவும் நெட்ல படிச்சதா?"

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மனைவி மடியிலிருந்த சுளகைக் கீழே இறக்கி வைத்தார். கணவரைப் பார்த்து, "கேட்டியளா? நான் எண்ணுனது சரிதான்" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி இலையைக் கையில் எடுத்தார்.

அவர் கணவர் சுவர்ப் பக்கமிருந்து திரும்பாமலேயே சொன்னார். "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. இப்பம் எனக்குப் பேச்சு வரல." அந்த நிலையிலும் 'அண்ணாச்சி' என்றுதான் சொன்னார். 'போயிட்டு வாங்க' என்றுதான் சொன்னார். பைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் நின்றேன்.

அன்றைக்கே மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அலமாரியிலிருந்த கோப்பையை எடுத்து ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் வைத்தாள். "அந்த அம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவளே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் அமைப்பாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசித்தார். "விடுங்க அண்ணாச்சி. முடிஞ்சு போனது. முதல் வருசப் பந்தயம், இப்பம் இதைக் கிளப்புனா நமக்குத்தான் பேர் கெடும். கோப்பையை மட்டும் அவருகிட்டக் கொடுத்துருவோம்" என்றார். எனக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? யாருக்கும் தெரியாமல் தப்பித்துக்கொள்ள ஒரு வாசல். அவர் கொடுத்த டீயைக் குடித்து முடிக்கும் வரை நான் அந்த வாசலில்தான் நின்றேன். ஆனால் சுவரில் ஒட்டிய தாளில் விரல் வைத்து இரண்டு முறை தேடியவருக்கு, அதே மாதிரி ஒரு தாளில் அவர் பெயர் வர வேண்டும் என்று பட்டது. பட்டியலைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பச் சொன்னேன். அவர் அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நானே எழுதினேன். நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பிய பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. படித்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போனபோது, வழக்கமாக என்னோடு ஓடுகிறவர்கள் சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், "சொல்லாமலே இருந்திருக்கலாமே வே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அலுவலகத்தில் படத்தை நானே கழற்றினேன். ஏன் என்று கேட்டவர்கள் எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னேன். பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன்.

கோப்பையை அமைப்பாளரே கொண்டுபோய்க் கொடுத்தார். சிலிண்டர்காரருக்கு ஆறு வாரம் என்று சொன்னது மூன்று மாதமாக இழுத்துவிட்டது. அத்தனை நாளும் அந்த வீடு பீடியில்தான் ஓடியிருக்கிறது. ஏதாவது உதவி செய்யட்டுமா என்று கேட்டு நான் இரண்டு முறை போனேன். வாசலிலேயே மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. என் மன பாரத்தை இறக்கி வைப்பதற்கு அவர்கள் வீடு இடமில்லை என்று புரிந்தது.

இப்போது அவர் மறுபடி ஓடுகிறார். நானும் ஓடுகிறேன். போன மாதம் முக்கூடல் சாலையில் எதிரே சிலிண்டர் வண்டியில் வந்தார். என்னை அடையாளம் கண்டு லேசாகக் கையைத் தூக்கினார். வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

யாராவது என்னுடைய சிறந்த நேரம் என்ன என்று கேட்டால், இரண்டு மணி ஏழு நிமிடம் என்று சொல்கிறேன். பாலத்தில் வழி தவறியதற்காக நான் இன்று வருந்துவதில்லை. வலிக்கிறது என்று ஒருவர் என்னை நம்பிச் சொன்னபோது, என் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று அவரை மேலும் ஓடச் சொன்னவன் நான் என்பதை நினைக்கும்போதுதான், இத்தனை வருடத்துக்குப் பிறகும், தனியாக ஓடிக்கொண்டிருக்கும் விடியற்காலைகளில்கூட என் முகம் சூடாகிறது.